பதின்மூன்றாவது கழற்சிக்காய்

தங்கபுஷ்பம் அக்கா இறந்த செய்தி எனக்கு ஆத்தூர்ப் பாலத்தின் மேல் வந்தது. திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒருவர் வெற்றிலைக் கட்டை மடியில் வைத்து, ஈரத்துணியால் மூடிப் பிடித்திருந்தார். கைபேசியில் சுடலைமணி அண்ணாச்சி அழைத்தார். அக்காவின் காட்டு நடைகளுக்கு வேன் ஓட்டியவர்.

"யம்மா, அக்கா போயிட்டாவ. காலையில எந்திரிக்கல. பவானி போயி எழுப்பிப் பாத்திருக்கு..." என்றார். பவானி அக்காவின் தங்கை மகள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. நிம்மதி. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனம் சொன்னது. பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது. ஆனால் அது வந்தது. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதைத் தாண்டி வேறு எங்கிருந்தும் தொடங்க முடியவில்லை. அவருடன் நடந்தவர்களும் துறைமுகத்தில் அவருடன் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலர் அஞ்சலிக் கூட்டத்திலும் இருந்தீர்கள். அங்கே நான் பேசியதை மறந்துவிட்டு இதைப் படியுங்கள்.

அக்கா முப்பது வருடத்துக்கு மேல் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை, பெட்டிகளை, மரத்தடிகளை நின்று எண்ணுகிற வேலை. கணவர் பார்த்த வேலை அது. அவர் இறந்தபின் கம்பெனி அக்காவுக்குக் கொடுத்தது. கப்பல்துறையில் தாளும் பேனாவுமாக நின்ற ஒரே பெண் அவர்தான். நான்கு கோடு போட்டு, ஐந்தாவதை அவற்றின் குறுக்கே இழுப்பார். அதே கம்பெனியில் மேல்மாடியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன் நான். ஒருநாள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரிக்கொட்டை மூட்டைகளில் ஒரு மூட்டை கூடிவிட்டது. மேஸ்திரி, "கூடத்தானே செஞ்சிருக்கு, கொறையலையே, கையெழுத்தப் போடுங்கக்கா" என்றார். அக்கா போடவில்லை. அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்தி முதலிலிருந்து எண்ண வைத்தார். அவரை வைது தீர்த்தார்கள். கடைசியில், பக்கத்துக் கிடங்கு மூட்டை ஒன்றை எவனோ மறைத்து இங்கே தள்ளிவிட்டது தெரிந்தது.

அன்று மாடிக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "கொறஞ்சா தேடிப்புடலாம்ளா. கூடுனா எவனோ பொய் சொல்லியிருக்கான்னு அர்த்தம்."

மூட்டை கூடினால் டேலித்தாளின் அடியில் காரணம் எழுதி, காரணமானவர் கையெழுத்துப் போட வேண்டும். அதில்லாமல் அவர் எந்தத் தாளையும் மேலே அனுப்பியதில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் காதில் ஒரு சத்தம் தங்கிவிட்டது. கிரேனின் கீச்சொலி. துறைமுகத்தை விட்டு வந்தாலும் அது அவரை விடவில்லை. இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, தேரி என்கிற செம்மணல் மேட்டில், அவருடைய அண்ணனுக்குக் கொல்லாந்தோப்பு, அதாவது முந்திரித் தோப்பு, ஒன்று உண்டு. தோப்புக்குப் பின்னால் முள் அடர்ந்த உடைமரங்களும் பனைகளும் புதரும். பழம் பொறுக்கும் நாட்களில் காவலுக்குப் போனவர், உடைமரத்தடியில் உட்கார்ந்திருக்கையில் ஒருநாள் கவனித்தாராம், காதில் கிரேன் இல்லை. எழுந்து வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் வந்துவிட்டது. மறுநாள் போனார், அதற்கு மறுநாளும் போனார். பவானி அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள், "பெரியம்மா, இதுக்கு ஒரு பேரு இருக்கு. காட்டுக் குளியல். ஊர் ஊரா ஆளுகள வழிநடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. இதுக்குப் பயிற்சியே உண்டு."

"தேரியில குடிக்கவே தண்ணி கிடையாது, குளிக்கவா?" என்று அக்கா சிரித்தார். ஆனால் பவானியின் மடிக்கணினிக்கு முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்து அந்தப் பயிற்சியை முடித்தார். டேலித்தாள் மாதிரி கோடு போட்ட நோட்டில் குறிப்பெழுதினார்.

நான் முதல்முறை போனது கிண்டலோடுதான். அப்போது எனக்கு நாற்பத்தொன்று. மாதக்கணக்கில் தூக்கமில்லை. மாத்திரை போட்டால் காலையில் பத்திரத்தில் கப்பலின் பெயரையே மாற்றி அடித்துவிடுவேன். அக்கா கூப்பிட்டபோது, "சோப்பும் துண்டும் கொண்டு வரணுமாக்கா?" என்றேன்.

"வாயக் கொண்டு வராத. அது போதும்" என்றார்.

காலை ஆறு மணிக்குத் தோப்பு வாசலில் பன்னிரண்டு பேர் நின்றோம். பன்னிரண்டுக்கு மேல் அவர் ஒருபோதும் கூட்டிப் போனதில்லை. கைபேசிகள் வேனில் சுடலைமணி அண்ணாச்சியிடம் போய்விட்டன. வாசல் வேலியில் கழற்சிக்கொடி படர்ந்து கிடக்கும். அதன் முள்தோட்டுக்குள் இருக்கிற சாம்பல் நிறக் காயை நீங்கள் சின்ன வயதில் கல்லில் தேய்த்து யார் தொடையிலாவது சூடு வைத்திருப்பீர்கள். அப்படிப் பன்னிரண்டு காய்கள் ஓர் ஓலைப்பெட்டியில் இருந்தன. ஆளுக்கொன்று எடுத்துக் கையில் பொத்திக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் பெட்டியில் போட வேண்டும். பெட்டியில் ஒன்று குறைந்தால் காட்டுக்குள் ஓர் ஆள் இருக்கிறார்.

"ஆளுகளையே எண்ணலாமேக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆளு அங்கனயும் இங்கனயும் நகரும், ஒண்ணுக்குப் போகும், கார்ல ஏறி உக்காந்துக்கிடும். காய் பெட்டிக்குள்ள உக்காந்துட்டா உக்காந்ததுதான். முகத்த நம்பி எண்ணுனா தப்பும் அண்ணாச்சி. இது எங்க தொழில்."

அதன்பின் நடந்தோம். நடந்தோம் என்று சொல்வதே அதிகம். ஒரு பேருந்து நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அக்கா எதையும் விளக்கவில்லை. ஓர் இடத்தில் நின்று, "மணலத் தொட்டுப் பாருங்க. மேல ஒரு சூடு, உள்ள ஒரு சூடு" என்றார். விரலை விட்டேன். மேல்மணல் காலைவெயிலில் இளஞ்சூடாக இருந்தது. விரல் ஆழம் போனதும் குளிர்ந்தது. இன்னோரிடத்தில், "இங்கன எத்தன சத்தம் கேக்குதுன்னு பாருங்க, பேரு சொல்ல வேண்டாம்" என்றார். கொல்லாஞ்சருகில் ஏதோ ஓடியது. பனையோலை ஒன்றோடொன்று உரசியது. காய்ந்த உடைநெற்றுக்குள் விதைகள் கிலுங்கின. பிறகு ஆளுக்கொரு மரத்தடியில் இருபது நிமிடம் உட்கார வேண்டும். அவர் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினால் எழுந்து வர வேண்டும்.

நான் எழுந்து வரவில்லை. தூங்கிவிட்டேன். கண்விழித்தபோது வெயில் என் முழங்கால் வரை ஏறியிருந்தது. பதறி ஓடிவந்தால், வாசலில் பதினொரு பேர் சுக்குக்காப்பி ஃப்ளாஸ்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ளாஸ்க் திறக்கப்படவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தார்களாம். ஒருவர் எரிச்சலாகச் சொன்னார், "எழுப்பியிருக்கலாம்லா, காப்பி ஆறிப்போவும்."

"பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி போயிப் பாத்துட்டுத்தான் வாரேன். வாயத் தொறந்துக்கிட்டு நல்ல உறக்கம். அவ உறங்கி எத்தன மாசமோ. காய் வரட்டும், காப்பி ஓடியா போவும்?" என்றார் அக்கா. நான் காயைப் பெட்டியில் போட்ட பிறகுதான் மூடியைத் திருகினார்.

அன்றிரவும் தூங்கினேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அக்காவும் அப்படிச் சொல்ல விடமாட்டார். ஆனால் மாதம் இரண்டு முறை போகப் போக, தூக்கம் என் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. கணவரிடமும் பிள்ளையிடமும் குரல் உயர்த்துவது குறைந்தது. கிரேன் ஓட்டும் ஒருவர் படபடப்பு குறைந்ததாகச் சொன்னார். துக்கத்தில் பேச்சை நிறுத்தியிருந்த ஒரு பெண் நான்காவது நடையில், "இந்த மரத்துல எறும்பு கடிக்குது, எனக்கு வேற மரம் குடுங்க" என்று வாய் திறந்ததை நான் பார்த்தேன். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் ஒரு கடைக்காரர், இனி மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நிப்பாட்டச் சொல்ல நான் டாக்டரா? மாத்திரையும் போடுங்க, மரத்தையும் பாருங்க. மரம் ஒங்கள அவசரப்படுத்தாது, அவ்வளவுதான் அதோட வேலை."

இரண்டாம் வருடம் என்னைக் கடைசி ஆளாக வைத்துக்கொண்டார். அவர் முன்னால் போவார், நான் எல்லாருக்கும் பின்னால். சிரட்டை தட்டியதும் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்துக் கடைசியாக வந்து, பெட்டியின் காய்களை எண்ணி, "சரிக்கா" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு காய் குறைந்தது. அக்கா தோப்பு முழுவதும் தேடச் சொன்னார். யாரும் இல்லை. அதன்பின் வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் வரிசையாகப் போன் போடத் தொடங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாவது ஆள், பூஜை அலமாரியில் வைக்க ஆசைப்பட்டு எடுத்துப் போனதாகச் சொன்னார். "வச்சுக்கிடுங்க தாயி, நல்லாயிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, வேலியிலிருந்து புதிதாக ஒன்றைப் பறித்துப் பெட்டியில் போட்டார். நான் முணுமுணுத்தேன். வீட்டில் அடுப்பு வேலை கிடந்தது.

இனி எழுதப்போவதைத்தான் நான் அஞ்சலிக் கூட்டத்தில் சொல்லவில்லை.

அன்றும் பன்னிரண்டு பேர். அவர்களில் வசந்தா அம்மா என்று ஒருவர். அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்து அரை வருடம் ஆகியிருந்தது. அன்று நடக்க வந்த பக்கத்துவீட்டுத் தம்பதியின் காரில் வந்திருந்தார். நடை முடிந்ததும் தாங்கள் குலசேகரன்பட்டினம் போவதாகவும், வசந்தா அம்மா வேனில் திரும்பலாம் என்றும் அவர்கள் பேச்சு. இதை அவர் சுடலைமணி அண்ணாச்சியிடம் சொல்லவில்லை, கூச்சப்படுகிறவர். என்னிடம் சொன்னார். "யம்மா, போகும்போது நானும் வேன்ல வாரேன்" என்றார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

ஏனென்றால் அன்று ஒன்பது மணிக்கு என்னைப் பார்க்கத் திருச்செந்தூரில் ஒரு விடுதி மேலாளர் காத்திருந்தார். விருந்தினர்களுக்கு இப்படி ஒரு நடை வேண்டும், நீங்களே நடத்த முடியுமா என்று கேட்டிருந்தார். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லவில்லை. அவருடைய கையைப் பிடிக்காமல் எனக்கென்று ஒன்று கிடைக்கிறது என்பதில் இருந்த ருசி அது.

சிரட்டைச் சத்தம் கேட்டது. நான் பாதி மரங்கள் வரை போனேன். தூரத்து உடைமரங்களை நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். கொல்லாங்கிளைகள் தரைவரை தாழ்ந்து மறைத்திருந்தன. யாரும் தெரியவில்லை. வாசலுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பதினொன்று.

திரும்ப எண்ணினேன். பதினொன்று.

எவளோ பூஜை அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று நினைத்தேன். இனித் தோப்பெல்லாம் தேடி, பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டு, விடுதிக்காரர் போய்விடுவார் என்று நினைத்தேன். தம்பதியின் கார் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. வந்த காரிலேயே வசந்தா அம்மாவும் போய்விட்டார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அக்கா முதுகைக் காட்டி ஃப்ளாஸ்குக்கு அருகே குந்தியிருந்தார். வேலியில் ஒரு முள்தோடு வெடித்துத் தொங்கியது. காயை உருவிப் பெட்டியில் போட்டேன். விரலில் முள் குத்தியது.

"காய் சரியாளா?"

"சரிக்கா."

அவர் ஃப்ளாஸ்கைத் திறந்தார். என்னை நம்பி என்றுதான் எழுத வேண்டும். நான் காப்பிகூடக் குடிக்கவில்லை.

நடுப்பகலுக்கு வசந்தா அம்மாவின் மகள் அக்காவை அழைத்து, அம்மா இன்னும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறாள். அக்கா சுடலைமணி அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வேனில் பறந்தார். வழியில் என்னைக் கூப்பிட்டார். விடுதியில் பேச்சு மதியம்வரை நீண்டிருந்தது, விடுதிக்காரர் வாங்கிக் கொடுத்த குளிர்பானம் என் முன்னால் இருந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அப்போது அறுபத்தாறு. காற்று காலடித் தடங்களை வழித்துவிட்டிருந்தது. தேரியில் தடம் போய்விட்டால் எந்தப் பக்கமும் ஒரே சிவப்பு. வசந்தா அம்மா, என் முதல் நடையில் நான் தூங்கியதுபோலவே தூங்கியிருக்கிறார். விழித்தபோது யாரும் இல்லை. எதிர்த்திசையில் நடந்து, செருப்பு மணலில் புதைந்து கழன்று, வெறுங்காலோடு மதியம்வரை அலைந்து ஒரு பனைமரத்தடியில் விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது. உள்ளங்கால் இரண்டும் வெந்துபோயிருந்தன. அண்ணாச்சி அவரைத் தூக்கினார். வசந்தா அம்மாவின் வலது கை மூடியே இருந்தது. அக்கா அதை மெல்லப் பிரித்தார். உள்ளே கழற்சிக்காய்.

அன்று மாலை அக்காவின் வீட்டுக் கூடத்தில் வசந்தா அம்மாவின் மகள் கத்தினாள். "பன்னெண்டு பேர எண்ணத் தெரியாதா ஒங்களுக்கு? இதுதான் ஒங்க தொழிலுன்னு பீத்திக்கிட்டீங்களே!" நான் சுவரோரமாக நின்றேன். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். எல்லாம் முடிந்தபின், "எண்ணிக்கை என்னோடது தாயி. தப்பும் என்னோடதுதான்" என்றார்.

அந்தப் பெண் போனபிறகு நாங்கள் இருவர்தான் இருந்தோம். அக்கா முந்தானையிலிருந்து வசந்தா அம்மாவின் காயை அவிழ்த்தார். ஓலைப்பெட்டியைத் திறந்து உள்ளே போட்டார். பிறகு பழக்கத்தில் விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணத் தொடங்கினார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றில் விரல் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பதின்மூன்று.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியை மூடினார். உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வேற ஏதும் சொல்லணுமாளா?"

"இல்லக்கா" என்றேன்.

அதன்பின் நடை நின்றுபோனது. அக்காவுக்கு வயதாகிவிட்டது, எண்ணிக்கை மறந்துபோகிறது என்று ஊரில் பேசினார்கள். துறைமுகத்தில் அவருக்குக் கீழ் வேலை பழகியவர்கள்கூட, "டேலி அக்காவுக்கே டேலி தப்பிட்டு பாத்தியா" என்று சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். நான் மறுக்கவில்லை. கம்பெனி வேலையை விட்டு விடுதிக்கு மாறினேன். கடற்கரைச் சவுக்குத் தோப்பில் விருந்தினர்களை நடக்க வைத்தேன். "மாத்திரையும் போடுங்க, மரத்தையும் பாருங்க" என்பேன். சிரிப்பார்கள். யார் சொன்னது என்று சொன்னதில்லை. காய்கள் வைத்துக்கொள்ளவில்லை. அச்சடித்த தாளில் பெயரும் கையெழுத்தும் வாங்கினேன்.

இரண்டு வருடத்தில் அக்காவைப் போய்ப் பார்த்தது இரண்டே முறை. கடைசி முறை அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். "அங்கன எப்படி எண்ணுத?"

"பேர் எழுதி வாங்குறோம்க்கா, போகும்போதும் வரும்போதும்."

"நல்லது. எனக்கு அது தோணல பாரு. காய மட்டும் நம்பிட்டேன்." பிறகு, "வசந்தாவப் போயிப் பாத்தியா? இப்ப கம்பில்லாம நடக்கா. வலது கால்தான் இன்னும் முழுசா ஊன மாட்டேங்கு" என்றார். அவர் மாதாமாதம் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருமுறைகூடப் போகவில்லை. வேலை அதிகம் என்றேன். அவர் தலையசைத்தார். காதில் கிரேன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருக்கு. இப்ப உடைமரத்துக்கும் போறதில்லலா" என்றார்.

அதை அப்போது சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, சமைத்து, சாப்பிட்டு, மறுநாள் குளிக்கும்போதுதான் உறைத்தது. என் ஒரு காயால் அவருடைய நடையோடு அவருடைய அமைதியும் போயிருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அண்ணன் தோப்பைச் சுற்றிலும் வேலியடைத்துப் பூட்டிவிட்டார். என் தூக்கத்தைத் திருப்பித் தந்த இடத்தை நான் அவருக்கு இல்லாமல் செய்துவிட்டேன்.

அஞ்சலிக் கூட்டத்தில் எங்கள் பழைய மேலாளர் அன்பாகத்தான் பேசினார். "கடைசிக் காலத்தில் அக்காவுக்கு ஒரே ஒரு எண்ணிக்கை தவறியது. முப்பது வருட வேலைக்கு முன்னால் அதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம்" என்றார். கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். அடுத்துப் பேச என்னை அழைத்தார்கள். மரங்களுக்கிடையே மெதுவாக நடப்பதால் மனதுக்கும் உடலுக்கும் வரும் நன்மைகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். பலர் நன்றாக இருந்தது என்றார்கள். இறங்கும்போது பவானி ஓலைப்பெட்டியை என் கையில் வைத்தாள். "பெரியம்மா இத யாருக்குன்னு சொல்லல. ஒங்ககிட்ட இருக்கட்டும்க்கா."

வீட்டில் திறந்தேன். பதின்மூன்று. இரண்டு வருடத்தில் அந்த ஒன்றை எடுத்து எறிய அவருக்கு ஒரு நிமிடம் போதும். எறியவில்லை. மற்றவை பல கைகள் பட்டு வழவழத்துக் கிடந்தன. ஒன்றில் மட்டும் மேல்வரிகள் அப்படியே இருந்தன.

மறுநாள் வசந்தா அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து தன் வலது காலைத் தடவினார். "மாசாமாசம் வருவாவ. ஒவ்வொருவாட்டியும் கேப்பேன், ஒரு ஆளு கொறஞ்சது எப்படிக்கா தெரியாமப் போச்சுன்னு. ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. நானும் அவியள வையாத வையில்ல" என்றார். பிறகு, "அவிய இருக்கும்போது வந்திருக்கணும் நீ. இப்ப எதுக்கு வந்த?" என்றார். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

விடுதியில் என் வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று தெரியும். பழைய கம்பெனி மேலாளர் சாரிடம் இதன் நகலைக் கொடுக்கிறேன். கூட்டத்தில் சொன்னதை அவர் அதே ஆட்களுக்கு முன்னால் திருத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

அக்காவின் நடையை மீண்டும் தொடங்க வேண்டும் என்று உங்களில் சிலர் பேசிக்கொள்கிறீர்கள். அண்ணன் தோப்பைத் திறந்துவிடச் சம்மதித்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். பன்னிரண்டு காய்களையும் ஓலைப்பெட்டியோடு சுடலைமணி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள். பெயரும் எழுதுங்கள், காயும் கொடுங்கள். ஒன்று குறைந்தால் ஃப்ளாஸ்கைத் திறக்காதீர்கள். நான் வரமாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பதின்மூன்றாவதை மட்டும். இதை எழுதும்போது மேசைமேல் இருக்கிறது. டேலித்தாள் கூடினால் அடியில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடாமல் அவர் மேலே அனுப்பமாட்டார். அன்று மாலை காப்பிக் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்து அவர் காத்திருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான். இரண்டு வருடம் தாமதமாக எழுதுகிறேன்.

வந்தவர்கள் பன்னிரண்டு. பெட்டியில் பதின்மூன்று. கூடுதல் ஒன்று. போட்டவள் நான். தங்கபுஷ்பம் அக்காவின் எண்ணிக்கை தவறவில்லை.

மாலதி